உழைப்பவர் உரிமைக்கு வழி வகுத்த டாக்டர் அம்பேத்கர்

நமது தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் சான்றோர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு இடம் பெறுவது வழக்கம். புலவர்களைப் பற்றியும் தேசபக்தர்களைப் பற்றியும் அன்பர்கள் பலர் எழுதியிருக்கின்றனர். இவ்வாண்டு டாக்டர் பீமராவ் ராம்ஜி அம்பேத்கர் அவர்களின் வரலாற்றை எழுத நாம் முற்பட்டிருக்கிறோம்.

அவர் தமிழர் அல்லர், மராட்டியர். அங்ஙனமிருக்க, பாலக்காட்டு இரயில்வே காலனியில் வாழும் நமக்கும் அவருக்கும் என்ன உறவு என்று சிலர் வினவக்கூடும். அரசியல் சட்டத்தை வகுத்தவர் என்ற அளவில் அவரை யாவரும் அறிவர். அலுவலகச் சுவர்களில் அவருடைய படம் தொங்குகிறது. ஏப்ரல் மாதத்தில் அதற்கு மாலையிட்டு வணங்குகிறோம். அவ்வளவோடு நம் கடமை முடிந்தது என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் அவர் இளமையில் பட்ட மறக்கவொண்ணாத அவமானம் ஓர் இரயில் நிலையத்தில் நிகழ்ந்தது என்பதையும், இரயில்வேத் தொழிலாளரின் மாநாடு ஒன்றில் அவர் ஆற்றிய உரை இன்றும் நம் பணிமனைகளுக்குப் பொருந்துவது என்பதையும் நம்மில் எத்தனை பேர் அறிவோம்? உழைக்கும் இடத்தில் ஒருவரைத் தாழ்த்தி ஒருவரை உயர்த்தும் வழக்கத்தைத் தம் உடம்பிலும் உள்ளத்திலும் பட்டறிந்து, பின்னர் அதனைச் சட்டத்தினால் தடுத்த பெருமகன் அவர். ஆகவே அவர் வரலாற்றை உழைப்பவரின் உரிமை என்னும் ஒரு நோக்கில் மட்டும் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

பிறப்பும் இளமையும்

அம்பேத்கர் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மத்திய இந்தியாவில் மாவ் என்னும் படைமுகாம் ஊரில் பிறந்தார். தந்தையார் ராம்ஜி சக்பால் இராணுவத்தில் சுபேதாராக இருந்தவர், தாயார் பீமாபாய். பெற்றோருக்குப் பதினான்காவது குழந்தை இவர். தீண்டத்தகாதார் என்று ஒதுக்கி வைக்கப்பட்ட மகர் குலத்தில் பிறந்ததால், கல்வி தொடங்கிய நாளிலேயே துன்பமும் தொடங்கிற்று. சாத்தாராப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு அமர அவருக்கு இடமில்லை. வீட்டிலிருந்து கோணித் துண்டு ஒன்றைக் கொண்டு சென்று, அதை விரித்துத் தனியே அமர்ந்தார். தாகம் எடுத்தால் குழாயைத் தாமே திறக்கக் கூடாது. பள்ளிப் பியூன் வந்து திறந்துவிட்டால்தான் தண்ணீர் கிடைக்கும். பியூன் வாராத நாளில் தண்ணீரும் இல்லை.

1901ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு செய்தியை அவர் தம் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. அப்போது தந்தையார் கோரேகாம் என்னும் ஊரில் பஞ்ச நிவாரண வேலையாகக் குளம் வெட்டும் இடத்தில் காசாளராக இருந்தார். கோடை விடுமுறையில் அவரைக் காண்பதற்காகச் சிறுவர் பீமராவும் அண்ணனும் தமக்கையின் மக்களும் புத்தாடை உடுத்து மகிழ்ச்சியோடு இரயில் ஏறினர். மாலையில் மசூர் நிலையத்தில் இறங்கினர். அழைத்துச் செல்ல ஆள் அனுப்பும்படி முன்னரே எழுதிய கடிதம் தந்தையார் கைக்குச் சேரவில்லையாதலால், ஒருவரும் வந்திருக்கவில்லை.

நல்லுடை உடுத்து நின்ற சிறுவர்களைக் கண்டு ஸ்டேஷன் மாஸ்டர் பரிவோடு வந்து விசாரித்தார். உயர்குலப் பிள்ளைகள் என்று அவர் எண்ணினார் போலும். தாங்கள் மகர் என்று சிறுவர் பீமராவ் கள்ளமின்றிக் கூறியதும் அவர் முகம் மாறிற்று. பேசாமல் திரும்பித் தம் அறைக்குள் சென்றுவிட்டார். வாடகைக்கு நின்ற வண்டிக்காரர் எவரும் அச்சிறுவர்களை ஏற்றிச் செல்ல இசையவில்லை. அரை மணி நேரத்துக்குப் பிறகு அந்த ஸ்டேஷன் மாஸ்டரே ஒரு வழி கண்டுபிடித்தார். இரட்டிப்பு வாடகை கொடுத்து, வண்டியைச் சிறுவர்களே ஓட்டிச் செல்ல வேண்டும். வண்டிக்காரர் தீட்டுப் படாமல் உடன் நடந்து வருவார் என்பது ஏற்பாடு. இரவில் வெகுநேரம் வண்டி சென்றது. கையில் கட்டுச்சோறு இருந்தது; ஆனால் குடிக்கத் தண்ணீர் கொடுப்பார் இல்லை. பசித்த வயிற்றோடும் வறண்ட நாவோடும் மறுநாள்தான் தந்தையார் இருக்குமிடத்தை அடைந்தனர்.

இரயில்வேயில் பணி புரியும் நாம் இச்செய்தியைப் படிக்கும்போது சற்றே நின்று சிந்திக்க வேண்டும். அந்த ஸ்டேஷன் மாஸ்டர் கொடியவர் அல்லர். முதலில் பரிவு காட்டியவரும் அவரே; இறுதியில் வண்டிக்கு வழி செய்தவரும் அவரே. இடையில் அவர் மனத்தைக் கட்டிப்போட்டது வழக்கம் என்னும் தளை. நல்லவரையும் அல்லவர் ஆக்கும் ஆற்றல் அவ்வழக்கத்துக்கு இருந்தது. இதனால்தான் பிற்காலத்தில் அம்பேத்கர் மக்களின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிராமல் சட்டத்தைத் தேடினார்.

கற்றவருக்கும் தண்ணீர் இல்லை

பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் பயின்று, 1907ஆம் ஆண்டு அம்பேத்கர் மெட்ரிகுலேஷன் தேறினார். அக்காலத்தில் அவர் குலத்தார்க்கு அது அரிய செயல். மெட்ரிகுலேஷன் அளவோடு படிப்பை நிறுத்திக் கொண்டு பேனா பிடித்துப் பிழைக்கும் நம்போன்றோர், அத்தேர்வுக்குப் பின் அவர் ஏறிய உயரத்தை எண்ணினால் வியப்பு மேலிடும். பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித் தொகையால் பி.ஏ. பட்டம் பெற்றார். 1913ஆம் ஆண்டு அமெரிக்கா சென்று, நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் பயின்றார். பின்னர் இலண்டன் சென்று பொருளாதாரமும் சட்டமும் கற்கத் தொடங்கினார். உதவித் தொகையின் காலம் முடிந்துவிட்டபடியால், 1917ஆம் ஆண்டு படிப்பைப் பாதியில் விட்டு, ஒப்பந்தப்படி பரோடா அரசில் பணி செய்யத் திரும்பினார்.

அங்கே நிகழ்ந்ததுதான் நாம் கூறவந்த பொருளுக்கு உயிர்நாடி. அமெரிக்காவில் எம்.ஏ. பட்டம் பெற்ற அதிகாரி அவர். அவருக்குக் கீழே எழுத்தறியாத பியூன்கள். ஆயினும் அவர்கள் கோப்புகளைக் கையில் கொடுக்காமல், தொலைவில் நின்று மேசை மீது எறிந்தனர். அலுவலகத்தில் குடிக்கத் தண்ணீர் அவருக்குக் கிடைப்பதில்லை. ஊரில் தங்குவதற்கு வீடும் கிடைக்கவில்லை. பார்சிகளின் விடுதி ஒன்றில் பெயரை மாற்றிக் கொண்டு தங்கினார். சில நாட்கள் சென்றதும் உண்மை வெளிப்பட்டுவிட, தடி ஏந்திய கூட்டம் ஒன்று வந்து அன்று மாலைக்குள் வெளியேறும்படி மிரட்டிற்று. நண்பர்களும் இடங்கொடுக்கத் தயங்கினர். பொதுப் பூங்காவில் மரத்தடியில் பல மணி நேரம் உட்கார்ந்திருந்து, இரவு வண்டியில் பம்பாய்க்குத் திரும்பினார். உயர்ந்த உத்தியோகம் ஒன்று அவ்வாறு முடிந்தது.

1918ஆம் ஆண்டு பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர் பதவி கிடைத்தது. மாணவர்கள் அவர் பாடத்தை விரும்பிக் கேட்டனர். ஆனால் உடன் பணியாற்றிய பேராசிரியர் சிலருக்கு, ஆசிரியர் அறையில் வைத்திருந்த தண்ணீர்ப் பாத்திரத்தை அவர் தொடுவது பொறுக்கவில்லை. பள்ளியில் கோணித் துண்டு, பரோடாவில் எறிந்த கோப்பு, கல்லூரியில் தண்ணீர்ப் பாத்திரம் என்று இடம் மாறினும் இழிவு மாறவில்லை. கல்வி பெற்றுவிட்டால் இழிவு தானே நீங்கிவிடும் என்று கூறுவோர்க்கு அவர் வாழ்க்கையே மறுமொழி.

அப்பணியில் சேமித்த பணத்தையும் கடனாகப் பெற்ற பணத்தையும் கொண்டு 1920ஆம் ஆண்டு மீண்டும் இலண்டன் சென்றார். அரை வயிறு உண்டு, நூல்நிலையமே வீடாகக் கிடந்து, 1923ஆம் ஆண்டு டி.எஸ்ஸி. பட்டத்துடனும் பாரிஸ்டர் தகுதியுடனும் தாயகம் திரும்பினார். அக்காலத்தில் குடும்பத்தின் வறுமையைத் தாங்கியவர் மனைவியார் ரமாபாய் அம்மையார். 1935ஆம் ஆண்டு மறைந்த அவ்வம்மையாரின் பொறுமையை நம் இல்லத்துப் பெண்மணிகள் நினைவில் கொள்ளத் தகும்.

1927ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் மகாட் என்னும் ஊரில் பொதுக் குளத்தில் தண்ணீர் அருந்தும் போராட்டத்தை அவர் நடத்தினார். அதற்கு முன்பே, 1924ஆம் ஆண்டில் நம் பாலக்காட்டை அடுத்த கல்பாத்தியில், தேர்த் திருவிழாவின்போது பொதுத் தெருவில் நடக்கும் உரிமை பற்றிக் கலகம் மூண்டது. தெருவும் குளமும் வேறாயினும் வழக்கு ஒன்றே.

ஆலைகளில் கண்ட அநீதி

வழக்கறிஞராகவும் சட்டசபை உறுப்பினராகவும் பம்பாயில் இருந்தபோது, அம்பேத்கர் ஆலைத் தொழிலாளர் வாழும் பகுதியில் குடியிருந்தார். அங்குள்ள பஞ்சாலைகளில் ஒரு விந்தையான வழக்கம் இருந்தது. நூற்புப் பிரிவில் தீண்டத்தகாத வகுப்பாருக்கு வேலை உண்டு. கூலி அதிகமான நெசவுப் பிரிவில் இல்லை. தறியின் நாடாவில் நூற்குழலை மாற்றும்போது நூலை வாயால் ஈரப்படுத்தி இழுக்க வேண்டும். ஒருவர் வாய் வைத்த நூலில் மற்றவர் வாய் வைப்பதா என்பதே அத்தடைக்குச் சொல்லப்பட்ட காரணம். முதலாளி மட்டும் இத்தடையை விதித்தார் என்று எண்ணிவிடலாகாது. உடன் உழைத்த தொழிலாளரே அதற்குக் காவலாக நின்றனர்.

1928ஆம் ஆண்டு பம்பாயில் பெரும் ஆலை வேலைநிறுத்தம் நடைபெற்றது. தொழிற்சங்கத் தலைவர்கள் கோரிக்கைப் பட்டியல் ஒன்றைத் தயாரித்தனர். நெசவுப் பிரிவில் அனைவர்க்கும் இடம் வேண்டும் என்பதையும் அதில் சேர்க்குமாறு அம்பேத்கர் வற்புறுத்தினார். தலைவர்கள் தயங்கினர், பின்னர் அரை மனத்தோடு சேர்த்துக் கொண்டனர். தொழிலாளர் என்ற பெயரால் ஒன்றுபடுவோர், தமக்குள்ளே ஒருவரை ஒருவர் தள்ளி வைப்பது முறையாகாது என்பது அவர் கொள்கை. அதே காலத்தில் சட்டசபையில் பெண் தொழிலாளரின் பேறுகால உதவி மசோதாவையும் அவர் ஆதரித்துப் பேசினார். பேறுகாலத்தில் தாய் ஓய்வு பெறுவது நாட்டுக்கே நலம் என்பதால் அச்செலவில் அரசும் பங்கேற்க வேண்டும் என்பது அவர் வாதம்.

மன்மாடு இரயில்வே மாநாடு

1936ஆம் ஆண்டு அவர் சுதந்திரத் தொழிற்கட்சியைத் தொடங்கினார். 1938ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 12, 13 ஆகிய நாட்களில், மன்மாடு என்னும் இரயில் சந்திப்பு ஊரில், ஜி.ஐ.பி. இரயில்வேயின் ஒடுக்கப்பட்ட வகுப்புத் தொழிலாளர் மாநாடு அவர் தலைமையில் கூடியது. அதில் அவர் ஆற்றிய உரையின் சாரத்தை நம் சொற்களில் தருகிறோம்.

இரயில்வேயில் தீண்டத்தகாத வகுப்பார் பெரும்பாலும் இருப்புப்பாதையில் கேங்மேன் வேலை செய்கின்றனர். வெயிலிலும் மழையிலும் பாதையைக் காக்கும் அவர்களுக்கு மேலே செல்லப் படி இல்லை. சேர்ந்த வேலையிலேயே முதுமை எய்துகின்றனர். போர்ட்டர் வேலை கூட அவர்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை. காரணம் என்ன? போர்ட்டரை ஸ்டேஷன் மாஸ்டர் தம் வீட்டு வேலைக்கும் பயன்படுத்திக் கொள்வார். தீண்டத்தகாதவரை வீட்டுக்குள் விட இயலாது; ஆகவே அவரைப் போர்ட்டராக எடுப்பதும் இல்லை. பணிமனைகளில் அவர்கள் கூலிகளாகவே இருக்கின்றனர். மெக்கானிக்காகவோ ஃபோர்மேனாகவோ உயர்வது மிக அரிது. குமாஸ்தா வேலைகளிலும் அதே நிலை. மெட்ரிகுலேஷன் தேறிய ஒடுக்கப்பட்ட வகுப்பு இளைஞர் பலர் வாயிலில் காத்திருக்க, தேறாத பிறருக்கு வேலை கிடைக்கிறது.

இவ்வாறு அடுக்கிக் காட்டியபின் அவர் உழைப்பாளிக்கு இரு பகைகள் உண்டு என்றார். ஒன்று முதலாளித்துவம், மற்றொன்று பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பிக்கும் பார்ப்பனியம். பிற்கூறியதால் ஒரு வகுப்பாரைத் தாம் குறிக்கவில்லை என்பதையும், சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் ஆகியவற்றை மறுக்கும் மனப்போக்கு எந்த வகுப்பில் இருந்தாலும் அதனையே குறிப்பதாகவும் அவர் விளக்கினார். சாதிக் குறையைப் பேசினால் தொழிலாளர் ஒற்றுமை குலையும் என்று கூறுவோர்க்கும் விடை தந்தார். ஒற்றுமையைக் குலைப்பவர் குறையை எடுத்துச் சொல்பவர் அல்லர். பிறர்க்கு இல்லாத சலுகையைத் தமக்கென்று வைத்துக் கொள்பவரே என்பது அவ்விடையின் கருத்து.

அதே ஆண்டு பம்பாய் அரசு, வேலைநிறுத்தத்தைப் பல வகையில் குற்றமாக்கும் தொழில் தகராறு மசோதாவைக் கொண்டு வந்தது. அம்பேத்கர் அதனைக் கடுமையாக எதிர்த்தார். உழைக்க மறுப்பதற்காக ஒருவரைச் சிறையிலிடுவது அவரை அடிமையாக்குவதற்கு ஒப்பாகும் என்பது அவர் துணிபு. நவம்பர் 7ஆம் நாள் நடைபெற்ற ஒருநாள் வேலைநிறுத்தத்தில் பிற கட்சித் தொழிற்சங்கத்தாரோடு தோளொடு தோள் நின்றார். தொழிற்சங்கங்களில் குறை கண்டவர், தொழிலாளர் உரிமைக்கு ஆபத்து வந்தபோது ஒதுங்கி நிற்கவில்லை.

தொழில் அமைச்சர் பதவி

1942ஆம் ஆண்டு ஜூலை மாதம் வைசிராயின் நிர்வாக சபையில் தொழில் துறையின் பொறுப்பை அவர் ஏற்றார். 1946ஆம் ஆண்டு வரை அப்பதவியில் இருந்தார். அரசு, முதலாளி, தொழிலாளி ஆகிய முத்தரப்பாரும் ஒரே மேசையில் கூடிப் பேசும் மாநாடுகள் அவர் காலத்தில் நிலை பெற்றன. தொழிற்சாலைகளில் வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த வேலை, 1946ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் 48 மணியாகக் குறைந்தது. இன்று எட்டு மணி நேர வேலை என்று நாம் எளிதாகக் கூறுகிறோம். அதன் பின்னே இருந்த உழைப்பை மறந்துவிடுகிறோம்.

உலகப் போர்க் காலத்தில் நிலக்கரிச் சுரங்கத்தின் உள்ளே பெண்களை வேலைக்கு விடலாகாது என்றிருந்த தடையை அரசு தளர்த்தியது. அதனைப் பலர் கண்டித்தனர். கண்டனத்தில் நியாயமும் இருந்தது. ஆயினும் அவ்வேலையில் ஆணுக்குக் கொடுக்கும் கூலியையே பெண்ணுக்கும் கொடுக்க வேண்டும் என்று அம்பேத்கர் துறையினர் விதி செய்தனர். சுரங்கப் பெண்களுக்குப் பேறுகால உதவியும் விரிவடைந்தது.

அரசுப் பணிகளில் தாழ்த்தப்பட்ட வகுப்பார்க்கென இடம் ஒதுக்க வேண்டும் என்று 1942ஆம் ஆண்டு அவர் அரசுக்கு விரிவான மனு ஒன்றை அளித்தார். அதன் பயனாக 1943ஆம் ஆண்டு மத்திய அரசுப் பணிகளில் 8⅓ விழுக்காடு இடங்கள் ஒதுக்கப்பட்டன. 1946ஆம் ஆண்டு அது 12½ விழுக்காடாக உயர்ந்தது. மன்மாட்டில் வாயிலில் நின்ற இளைஞர்க்கு வாயில் திறந்தது.

அரசியல் சட்டத்தில் உழைப்பவர்

1947ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் அரசியல் சட்ட வரைவுக் குழு அமைக்கப்பட்டது. அதன் தலைவராக அம்பேத்கர் பொறுப்பேற்றார். 1949ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் அரசியல் சட்டம் ஏற்கப்பட்டது. அதில் நமக்கு நேரே உரியவற்றை மட்டும் கூறுவோம்.

14ஆவது விதி, சட்டத்தின் முன் யாவரும் சமம் என்கிறது. 16ஆவது விதி, அரசுப் பணியில் யாவர்க்கும் சம வாய்ப்பு உண்டு என்கிறது. மதம், இனம், சாதி, பால், வமிசம், பிறந்த இடம், வசிக்கும் இடம் ஆகிய காரணங்களை மட்டும் கொண்டு எவரையும் தள்ளலாகாது, பாகுபாடு காட்டலாகாது. பிறந்த இடம் என்ற சொற்றொடரை நம் சங்க அன்பர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். திருச்சியிலும் மதுரையிலும் பிறந்து ஒலவக்கோட்டில் பணி செய்யும் நாம், வேற்று மாநிலத்தார் என்ற ஒரே காரணத்தால் பதவி உயர்வை இழக்காமல் இருப்பது அச்சொற்றொடரின் காவலால்தான். 17ஆவது விதி தீண்டாமையை ஒழித்தது. 23ஆவது விதி கூலியின்றிக் கட்டாயமாக வேலை வாங்குவதைத் தடுத்தது. 39ஆவது விதி, சம வேலைக்குச் சம ஊதியம் என்பதை அரசின் நெறியாக வகுத்தது. உரிமை பறிபோனால் உச்ச நீதிமன்றத்தை நேரே நாடலாம் என்னும் 32ஆவது விதியை அவர் அரசியல் சட்டத்தின் ஆன்மாவாகவே மதித்தார். உரிமையை ஏட்டில் எழுதினால் போதாது. அதனைப் பெறும் வழியும் உடன் இருக்க வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

நாடு முழுதும் பின்பற்றப்பட்ட தீர்ப்பு ஒன்று நம் தென்னக இரயில்வே பற்றிய வழக்கில் பிறந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். தாழ்த்தப்பட்டோர்க்குரிய ஒதுக்கீடு முதல் நியமனத்துக்கு மட்டுமா, பதவி உயர்வுக்கும் உண்டா என்ற வினா எழுந்தது. உண்டு என்று 1961ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் தீர்ப்புகளும் திருத்தங்களும் பல வந்தன. ஆயினும் அடித்தளம் இட்டது 16ஆவது விதி.

பெண்களுக்குச் சொத்துரிமையும் மணவுரிமையும் அளிக்கும் இந்துச் சட்ட மசோதா தடைப்பட்டபோது, 1951ஆம் ஆண்டு அவர் சட்ட அமைச்சர் பதவியைத் துறந்தார். 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் புத்த சமயம் தழுவினார். அவ்வாண்டு டிசம்பர் 6ஆம் நாள் டில்லியில் உயிர் நீத்தார். வயது 65.

அவர் இட்ட வழியில்

16ஆவது விதி அரசுப் பணிக்கு உரியது. தோட்டம், ஆலை, கடை ஆகியவற்றில் பணி புரிவோர்க்கு வேறு சட்டங்கள் தேவையாயின. பின்னர் அவை வந்தன. ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம் என்ற சட்டம் 1976இல் வந்தது. 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அக்கொள்கை இடம் பெற்றது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மீதான வன்கொடுமையைத் தடுக்கும் சட்டம் 1989இல் நிறைவேறிற்று. பணியிடத்தில் பெண்கள் படும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணி செய்யும் இடந்தோறும் ஒரு பெண்மணியின் தலைமையில் விசாரணைக் குழு இருக்க வேண்டும்; பத்துப் பேருக்குக் குறைந்த இடங்களுக்கு மாவட்டக் குழு உண்டு; மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும் என்பன அதன் முக்கிய விதிகள். உடற்குறை உடையாரின் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது.

சட்டம் இருந்தும் உரிமை தானே வந்து சேர்வதில்லை. இடுக்கி மலையில் நம் தமிழ்ப் பெண்கள் செய்து காட்டியதை நாடறியும். 2015ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், மூணாறுத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு சாலையில் அமர்ந்தனர். குறைந்துபோன போனஸை 20 விழுக்காடாக்க வேண்டும், 232 ரூபாய் நாட்கூலியை 500 ரூபாயாக்க வேண்டும் என்பன அவர்தம் கோரிக்கைகள். ஆண்களே தலைவராக இருந்த சங்கங்களை ஒதுக்கி வைத்துத் தாங்களே பேச்சு வார்த்தைக்கு வழி கண்டனர். பொம்பிளை ஒருமை என்று அவ்வியக்கம் பெயர் பெற்றது. ஒன்பது நாட் போராட்டத்தின் முடிவில் 20 விழுக்காட்டுக் கோரிக்கை நிறைவேறிற்று. கேட்ட கூலி முழுதும் கிடைக்கவில்லை. சங்கத்துக்குள்ளேயே ஒதுக்கப்பட்டோர் குரல் எழ வேண்டும் என்று அம்பேத்கர் மன்மாட்டில் கூறியது, 77 ஆண்டுகள் கழித்து மலை மேல் மெய்யாயிற்று.

மற்றொரு செய்தி நம்மை நாணச் செய்வது. பாலக்காட்டு மாவட்ட எல்லையில், கோவிந்தாபுரத்தில், அம்பேத்கர் பெயராலேயே ஒரு குடியிருப்பு உள்ளது. அங்கு வாழ்வோர் தமிழ் பேசும் சக்கிலியர் குடும்பத்தார். அங்கே தண்ணீருக்கும் தேநீர்க் கடைக்கும் கூட வேற்றுமை காட்டப்படுகிறது என்ற புகார்கள் 2017ஆம் ஆண்டு செய்தித்தாள்களில் வெளிவந்தன. பெயரை வைத்துவிட்டுப் பொருளை மறந்தால் விளையும் நிலை இதுவன்றோ!

நாம் செய்யத் தக்கன

பாண்டி என்று எவரேனும் நம்மை ஏளனமாக அழைத்தால் நம் உள்ளம் கொதிக்கிறது. அக்கொதிப்பு நியாயமே. ஆனால் அதே உள்ளம் நம் வீட்டுப் பின்கட்டைப் பார்க்க வேண்டும். குப்பை வாங்க வரும் அம்மாள் தண்ணீர் கேட்டால் எந்தத் தம்ளரில் கொடுக்கிறோம்? கொளுத்தும் மேட மாதத்து வெயிலில் பாதையைக் காத்துத் திரும்பும் டிராக்மேன் அலுவலகத்துக்குள் வந்தால் நாற்காலி காட்டுகிறோமா? ஒதுக்கீட்டில் வந்தவர் என்று இளைஞர் ஒருவரைப் பின்னால் பேசுகிறோமா? புதிதாகச் சேர்ந்த பெண் ஊழியர்க்குப் பொறுப்பான வேலையைக் கொடுக்கத் தயங்குகிறோமா? மசூர் நிலையத்து ஸ்டேஷன் மாஸ்டரும் தம்மை நல்லவர் என்றே எண்ணியிருப்பார்.

இனி, அநீதிக்கு உட்பட்டோர் செய்யத் தக்கதைக் கூறுவோம். மனம் நொந்து வாளாவிருத்தல் ஆகாது. ஆத்திரத்தில் வாய்ச்சண்டை இடுவதும் பயனற்றது. நடந்ததை நாள், நேரம், உடனிருந்தோர் பெயர் ஆகியவற்றுடன் அன்றே எழுதி வைக்க வேண்டும். மேலதிகாரிக்கு எழுத்து மூலமாக மனுக் கொடுத்து, நகலில் பெற்றுக் கொண்டதற்கான கையொப்பமும் தேதியும் வாங்க வேண்டும். பதவி உயர்வுப் பட்டியல் போன்ற விவரங்களை 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி கேட்கலாம். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் குறைகளைக் கவனிக்கத் தொடர்பு அதிகாரி உண்டு; தேசிய ஆணையங்களும் உண்டு. தொழிற்சங்கத்தை நாட வேண்டும்; சங்கம் செவி சாய்க்கவில்லையெனில் சங்கக் கூட்டத்திலேயே அதனைக் கேட்க வேண்டும். மத்திய அரசு ஊழியர்க்கென 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த நிர்வாகத் தீர்ப்பாயம் இருக்கிறது. காகிதம் ஒன்றே எளியவரின் ஆயுதம் என்பதைக் குமாஸ்தா வேலையில் நரைத்த நாம் உறுதியாகக் கூறுவோம்.

தம் குலத்தார் படித்து, ஒன்றுபட்டு, உரிமைக்குப் போராட வேண்டும் என்பதே அம்பேத்கர் வாழ்நாள் முழுதும் வற்புறுத்திய நெறி. அந்நெறி ஒரு குலத்துக்கு மட்டும் உரியதன்று. பிறந்த மண்ணை விட்டு வந்து உழைத்துப் பிழைக்கும் நமக்கும், மலைத்தோட்டத்தில் கூடை சுமக்கும் நம் சகோதரிகளுக்கும், நாளை வேலைக்குச் செல்லவிருக்கும் நம் மக்களுக்கும் உரியது. சங்க நூலகத்தில் அரசியல் சட்டத்தின் தமிழ்ப் பதிப்பு ஒன்றை வாங்கி வைத்து, மாதம் ஒருநாள் இளைஞர்கள் அதனைக் கூடிப் படிக்க ஏற்பாடு செய்யுமாறு செயற்குழுவினரை வேண்டிக் கொள்கிறோம். அப்பெரியாரின் படத்துக்கு இடும் மாலையைவிட அது மேலான வணக்கமாகும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!